கீற்றுக்கு இந்தப் பக்கம் பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த நீளக் கொட்டகையில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்த தடுப்பைக் கீற்று என்றுதான் எல்லோரும் சொல்வோம். நான் பார்த்த காலத்தில் அது பலகை. முதலில் கப்பலேறி வந்தவர்கள் தென்னை மட்டையை நடுவே கீறி, முடைந்து, மறைப்பாகக் கட்டினார்களாம். கீறி முடைந்ததால் கீற்று. ஓலை மக்கிப் பலகை வந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

பலகை கழுத்துயரந்தான். குழம்பும் நெருப்பும் அதற்கு மேலாகக் கைமாறும். ஒரே கீற்றுக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் உறவு மாதிரி. இங்கே சாவு விழுந்தால் அங்கேயும் அடுப்பு எரியாது. தாய் போன பிள்ளையை அடுத்த வீட்டுக்காரிதான் எடுத்து வளர்க்க வேண்டும்.

அடுத்த வீட்டு மாரியாயி காய்ச்சலில் போனபோது, அவளுடைய கைக்குழந்தை தங்கமணியைப் பவுனம்மாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பவுனம்மாள் பெற்றது ஒன்றும் தங்கவில்லை. அந்த முருகப் பெருமான்தான் கீற்றுக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தான் என்பாள். பிள்ளை அவளை ஆத்தா என்றது.

ஐந்தாறு வருஷம் கழித்து, தகப்பன் தம்புசாமி துறைமுக ஊரான கிள்ளானில் தனலெட்சுமி என்பவளைக் கட்டினான். வேலையும் அங்கே மாறியது. பிள்ளையைக் கேட்டு வந்தார்கள். பவுனம்மாள், கொட்டகை ஆட்களுக்குக் கங்காணியாக இருந்த மண்டோர் பக்கிரிசாமியிடம் ஓடினாள்.

"அண்ணே, நாங்க ஒரே கீத்து. நான் வளத்த புள்ள."

தனலெட்சுமி சிரித்தாள். "கீத்துப் பக்கத்துல இருந்தா ஒறவா? அப்ப அதுல ஓடுற எலியும் எங்களுக்குச் சித்தப்பாதான்!"

நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். பக்கிரிசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"தாயி, ஒத்தாசை வேற, ஒறவு வேற. கீத்து எதுக்குக் கட்டுனாங்க? இது ஒன் வீடு, அது அவன் வீடுன்னு பிரிக்கத்தானே? புள்ள தகப்பனுக்குத்தான்."

பிள்ளை அழுதுகொண்டு போகக் கூடாதே என்று, அன்று முழுக்கப் பவுனம்மாள் கிள்ளானைப் புகழ்ந்தாள். ஆறு, கப்பல், அது ஊதுகிற சத்தம் என்று என்னென்னவோ சொன்னாள்.

"நீயும் வரியா ஆத்தா?"

"அடுப்புல ஒல கொதிக்குது. நீ முன்னால போடி. பின்னாலயே வரேன்."

தங்கமணி குதித்து ரயிலேறினாள். ஜன்னலில் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

"அழாமப் போச்சு பாத்தியா?" என்று புருஷன் அய்யாவு ஆறுதல் சொன்னார்.

"ஒரு வாட்டியாவது அழுதிருக்கலாங்க" என்றாள் அவள்.

காலியான வீட்டுக்குக் கைப்பிள்ளையோடு நல்லம்மாள் குடிவந்தாள். ஒருநாள் தண்ணீருக்குப் புறப்பட்டவள், பலகைக்கு மேலே பிள்ளையை நீட்டினாள்.

"அக்கா, இவனச் செத்தப் புடிங்க."

பவுனம்மாள் எழுந்து வந்தாள். கை மட்டும் மேலே போகவில்லை.

"கோவிச்சுக்காத தாயி. தொட்டில்லயே போட்டுட்டுப் போ. அழுதான்னா இங்கேருந்தே பாடுறேன்."

பிள்ளை அழுதது. பலகையைப் பார்த்தபடி நின்றுகொண்டே அவள் பாடினாள்.