பின்னால் வர ஓர் ஆள்

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவரை எல்லோரும் டைலர் என்றே அழைக்கிறார்கள். வயது அறுபத்தெட்டு, என்னைவிட நான்கு வயது இளையவர். மனைவி இறந்துவிட்டார். மகள் வெகு தொலைவில் குடும்பத்தோடு இருக்கிறாள். கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் தனியாக வசிக்கிறார். காலர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொத்தான் துளை போடுவதில் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் முறை.

அவருக்குச் சினிமா பைத்தியம். அதிலும் ஒரே வகைப் படம்தான் வேண்டும். ஒருவன் தெருவில் நடப்பான். பின்னால் ஒரு கார் மெதுவாக வரும். போன் அடிக்கும், எடுத்தால் பேச்சு வராது. கடைசியில் கட்டிய மனைவிகூட எதிரிகளின் ஆளோ என்று அவன் விழிப்பான். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போவோம். தன் முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று கடைசி வரிசையில் சுவரை ஒட்டித்தான் உட்காருவார்.

"காதல் படம் எதுவும் பாக்க மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல ஒருத்தனை ஒருத்திதான் சார் பாக்கிறா. இதுல பாருங்க, சாதாரண கிளார்க்கு. அவன் வாசல்படியைத் தாண்டினா நாலு பேர் கவனிக்கிறான். ஒருத்தன் அவன் குப்பைத்தொட்டியைக்கூட கிளறிப் பாக்கிறான்! போன மாசம் எனக்குக் காய்ச்சல். மூணு நாள் கடை தொறக்கல. ஒரு ஈ காக்கா வந்து கேட்டுச்சா?"

அந்த ஈ காக்காயில் நானும் அடக்கம் என்பதால் பேச்சை மாற்றினேன்.

நான் ஓர் அணைக்கட்டில் மழையளவைக் குறித்துவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரை மில்லிமீட்டர் தூறலையும் விட்டதில்லை. அதனால் டைலர் என்னை 'மழை சார்' என்பார். என் இடுப்பு ஓய்வு பெற்ற நாளில் முப்பத்துநான்கு அங்குலம். அன்றைய பேன்ட் இன்றும் பொருந்துகிறது. இதை நான் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும்.

இத்தனை படம் பார்த்தால் யாருக்கும் புத்தி பேதலிக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்தேன். பின்கதவருகே என் மனைவி டைலரிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரிய வேணாம் அண்ணே."

"கவலைப்படாதீங்கம்மா. வருஷக்கணக்கா பண்றதுதானே."

பைக்குள் வீட்டுப் பத்திரம்தான் இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்தேன். பத்திரம் போனால்கூடப் போகட்டும். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பர் அவர். அவரும் எதிரிகளின் ஆள் என்றால், நான் யாரோடு சினிமாவுக்குப் போவேன்?

அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினேன். முகத்தை மறைக்கக் குடையை விரித்தேன். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. அதைக் கவனிக்க வேண்டிய ஆளே நான்தான். அவர் டீக்கடையில் நின்றார். நூல்கடைக்குள் போனார். பிறகு தன் கடைக்குள் நுழைந்து பையைப் பிரித்தார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது பத்திரமில்லை, என்னுடைய பழுப்பு பேன்ட். அதன் பின்பக்கத் தையலை அவர் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்று குடையோடு உள்ளே பாய்ந்தேன். குடை வாசலில் சிக்கிக்கொண்டது.

டைலர் திருட்டு முழி முழித்தார். "அது வந்து சார்... தையலைக் கொஞ்சம் விட்டுத் தரச் சொன்னாங்க அம்மா. 'அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே பெருமை அந்த இடுப்புதான். அதுவும் போச்சுன்னா என்மேலதான் எரிஞ்சு விழுவாரு'ன்னாங்க."

"இப்ப எவ்வளவு?"

"முப்பத்தெட்டரை. இனிமே விடறதுக்கு உள்ள துணியே இல்ல சார்."

அரை மில்லிமீட்டரை விடாதவனை நாலரை அங்குலம் ஏய்த்திருக்கிறது! நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதுவும் முனகியது.

"அது சரி, நீங்க எப்படி கரெக்டா இந்த நேரத்துல வந்தீங்க?" என்றார்.

பொய் வரவில்லை. "உங்கமேல சந்தேகப்பட்டேன். வீட்டுலேர்ந்து பின்னாடியே வந்தேன்." இதோடு நட்பு தீர்ந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பிளேடைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "என் பின்னாடியா? டீக்கடையிலயும் பாத்தீங்களா?"

"பாத்தேன். சர்க்கரை கம்மின்னு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தீங்க."

"நூல்கடையில?"

"முதல்ல எடுத்தது கலர் சேரல. வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு வேற வாங்கினீங்க."

"என்னையா சார்? இவ்வளவு கவனிச்சீங்களா?" அவர் முகம் பண்டிகைத் துணி தைக்கக் கிடைத்தவர் முகம்போல மலர்ந்தது. "குடைக்குப் பின்னாடி ஒளிஞ்சா வந்தீங்க? அடடா, தெரிஞ்சிருந்தா ஒரு சந்துல திரும்பி ஓடியிருப்பேனே!"

இப்போதும் என் இடுப்பு முப்பத்துநான்குதான் என்று மனைவி சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன். காலையில் டைலர் கடை திறக்கவில்லையென்றால் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டிவிடுகிறேன். துரத்துகிறவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

சனிக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து நடப்பதில்லை. அவர் முன்னால் போகிறார், நான் பின்னால். செருப்புக்கடைக் கண்ணாடியில் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக நடக்கிறார். எனக்கு மூச்சு வாங்கி நான் பின்தங்கினால், தெருமுனையில் நின்று காத்திருக்கிறார்.