கறுத்துப்போன நெகட்டிவ்

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய்க் கிண்ணத்தை யாரோ என் பக்கம் நகர்த்தினார்கள். அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறியதும், கிள்ளானில் சித்தி வைத்திருந்த ஸ்டூடியோவின் இருட்டறைக்குப் போய்விட்டேன். அந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள்.

அங்கே எப்போதும் அமிலத்தின் அதே நெடி, சிவப்பு விளக்கு, குழாய் சொட்டும் சத்தம். ஒருநாள் கதவுக்கு வெளியே, காத்திருந்த கல்யாணப் பெண்ணின் வளையல் சத்தமும் சேர்ந்துகொண்டது. தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்குவதற்குள் அவளுடைய அம்மா இறந்துவிட்டார். கல்யாணத்தன்று சித்தி எடுத்ததைத் தவிர அவருக்கு வேறு படமே இல்லையாம்.

கோயிலுக்குள் இருட்டுக்காக வைத்த மெதுவான ஷட்டரை மாற்றாமலே வெளியே வெயிலிலும் எடுத்திருந்ததால், வெளிச்சம் மிஞ்சி நெகட்டிவ் கன்னங்கரேலென்று இருந்தது. "செத்தேன் லா," என்றாள் சித்தி. வழக்கத்தைவிட வெகுநேரம் அதன் வழியே தாள்மேல் வெளிச்சம் காட்டி, மருந்தில் போட்டாள். இருவரும் குனிந்து பார்த்தோம். கேமரா ஸ்டாண்டில் இருந்ததால், விறைப்பாக நின்ற சொந்தங்கள் தெளிவாக வந்தார்கள். தாம்பூலத் தட்டோடு குறுக்கே ஓடிய அந்த அம்மா மட்டும், ஷட்டர் மெதுவாக இருந்ததால், புகைபோலக் கலங்கியிருந்தார்.

ஈரப் படத்தோடு சித்தி கதவைத் திறந்தாள். "என் தப்புதாம்மா. அம்மா முகம் சரியா விழல."

வளையல் சத்தம் நின்றது. அவள் படத்தின்மேல் குனிந்தாள்.

"எங்கம்மா ஒரு எடத்துல நின்னு நான் பாத்ததே இல்லக்கா. இதையே பெருசா போட்டுக் குடுங்க."