ஒரே கட்சிக்கு வாக்களித்த இருவர்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருமுனையில் ஒரு முதியோர் இல்லம் நெடுநாள் மூடிக் கிடந்தது. அதை வீடற்ற குடும்பங்களுக்கான தற்காலிகத் தங்குமிடமாக மாற்றப் போவதாக வசந்த காலத்தில் விளக்குக் கம்பத்தில் உள்ளூர்க் கவுன்சில்காரர் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பன்னிரண்டு குடும்பங்கள். இரண்டு நாள் கழித்து, மூன்று வீடு தள்ளியிருக்கும் தமிழ்நாட்டுக்காரர் தங்குமிடம் வேண்டாம் என்ற ஒரு மனுவோடு வந்து வாசலில் நின்றார். அவருக்கு ஏதோ நிதி நிறுவனத்தில் பெரிய வேலை. ஏழு வருடத்தில் அவர் எங்கள் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பார்க்கிங்தான் பிரச்சினை. நீங்களே பார்க்கிறீங்கல்ல?"

நான் ஒரு டொக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். ஆட்கள் சொல்லும் காரணத்துக்கும் வந்த காரணத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தினமும் பார்க்கிறேன். இவர் பார்க்கிங் என்றபோதே அது பார்க்கிங் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அவர் போனால் போதும் என்று போட்டதாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வெறும் பார்க்கிங் என்றால் ஏன் சொல்லாமல் விட்டேன்?

ஜூன் மாதத்தில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். நியூ ஜெர்சியிலிருந்து அக்காவும் அவளுடைய மகளும் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். அக்கா அங்கே முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்கு முப்பது வயது. தொழிற்சங்கம் ஒன்றில் வேலை. இருவரும் ஒரே நாளில், ஒரே விமான நிலையத்திலிருந்து, வெவ்வேறு விமானங்களில் வந்து இறங்கினார்கள். "டிக்கெட் அப்பிடித்தான் கிடைச்சது," என்றாள் அக்கா. அதையும் நான் நம்பவில்லை.

முதல் நாள் காலைச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டது. தங்கள் நாட்டு வைத்தியக் காப்புறுதி பற்றிய பேச்சு. இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"நீங்கள் ரெண்டுபேரும் ஒரே கட்சிக்குத்தானே வோட்டுப் போடுறனீங்கள்?"

"ஓம்," என்றார்கள் இருவரும்.

"பிறகென்ன சண்டை?"

"நான் லிபரல். இவ புரொகிரெசிவ்," என்றாள் அக்கா, ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல.

தமிழ்ப் பத்திரிகையில் ஒன்றைத் தாராளவாதி என்றும் மற்றதை முற்போக்குவாதி என்றும் எழுதுவார்கள். வாசித்தால் இரண்டும் ஒரே ஆளைச் சொல்வது போலத்தான் இருக்கும். லண்டனில் லிபரல் என்றால் இடதுக்கும் வலதுக்கும் நடுவில் நிற்கும் கட்சியின் ஞாபகம்தான் வரும். எனக்கு விளங்கவில்லை என்றேன்.

"இஞ்சை பார்," என்றாள் அக்கா. "வீடு நல்ல வீடுதான். கூரை ஒழுகுது. ஒழுகிற இடத்தைப் பாத்துத் திருத்த வேணும். காப்புறுதி வாங்க ஏலாதவைக்கு அரசாங்கம் உதவி செய்யட்டும். சட்டம் இருக்கு, கோர்ட் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்ய ஏலும்."

மகளின் தமிழ் பாதி வழியில் ஆங்கிலமாகிவிடும். "சின்னம்மா, அந்த வீட்டைக் கட்டேக்கையே சில ஆக்களுக்கு மேலை கூரை போடேல்லை. அது பிழையா நடந்ததில்லை, அப்பிடித்தான் கட்டினவை. காப்புறுதிக் கொம்பனிக்கு ஏன் காசு குடுத்துக்கொண்டிருக்க வேணும்? இஞ்சை மாதிரி எல்லாருக்கும் ஆஸ்பத்திரி குடுத்தால் என்ன?"

"இவையின்ரை அவசரத்தாலைதான் நாங்கள் தேர்தலிலை தோக்கிறம்."

"அம்மாவையின்ரை பயத்தாலைதான் தோக்கிறம்."

இருவர் சொன்னதிலும் நியாயம் தெரிந்தது. அதுதான் என்னை உசார்ப்படுத்தியது. ஊரில் நான் வளர்ந்த காலத்தில் முற்போக்கு, பிற்போக்கு என்று ஆட்களுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர்களை வைத்து ஆட்களைத் தண்டிப்பதும் நடந்தது. பெயரைச் சொல்லி ஆளைப் பிரிக்கிறவர்களைக் கண்டால், இவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அந்த வாரம் சேர்ச் மண்டபத்தில் தங்குமிடம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அக்கா அறிவித்தலை வாசித்துவிட்டு, குடும்பங்கள் வரத்தான் வேண்டும், ஆனால் அயலவர்களையும் கேட்க வேண்டும், முதலில் கொஞ்சப் பேரை விட்டுப் பார்க்கலாம் என்றாள். "ஓம், ஆனால். எப்பவும் ஓம், ஆனால்," என்று சொல்லிவிட்டு மகள் தனியாகக் கூட்டத்துக்குப் போனாள். சமையலறையில் எனக்குத் தேவையில்லாத ஒரு வேலையைத் தேடிச் செய்தேன்.

அவள் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து கைபேசியை என் முன்னே நீட்டினாள். மண்டபச் சுவரில் மனுவை ஒட்டியிருந்திருக்கிறார்கள். அதைப் படம் பிடித்திருந்தாள்.

"சின்னம்மா, இது உங்கட வீட்டு நம்பர்தானே?"

"பார்க்கிங்குக்காகப் போட்டனான்," என்றேன். என் வாயிலிருந்து அந்தத் தமிழ்நாட்டுக்காரரின் குரல் வந்தது.

"விடு பிள்ளை," என்றாள் அக்கா. "அவள் இருக்கிற தெரு. அவளுக்கும் ஒரு கவலை இருக்கும்தானே."

மகள் அவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் கவலை இருந்தது, என்ன? எங்கட ஊரிலை அடுக்குமாடி வரக்கூடாது எண்டு கூட்டத்திலை எழும்பிக் கதைச்சனீங்கள். வீட்டு வாசலிலை எல்லாரும் வாங்கோ எண்டு போர்ட் வைச்சுக்கொண்டு!"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "பள்ளிக்கூடத்திலை இடம் காணாது எண்டுதான் சொன்னனான். அப்ப நீ? நீ இருக்கிற வீட்டிலை முந்தி ஆர் இருந்தவை? உன்னை மாதிரிப் படிச்ச பிள்ளையள் வரவரத்தானே அங்கை வாடகை ஏறினது. அவை எழும்பிப் போன இடத்திலைதானே நீ குந்தியிருக்கிறாய்?"

இரண்டு விமானங்கள் ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது.

இவர்களும் என்னைப் போலத்தான் என்று எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "நீங்கள் ரெண்டுபேரும் வாற சனிக்கிழமை பிளேன் ஏறிப் போடுவியள். இந்தத் தெருவிலை இருக்கப்போறவள் நான்," என்று கத்திவிட்டு மாடிக்குப் போனேன்.

பாரிசில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த முதல் வருடம் நானும் கணவரும் கைக்குழந்தையும் அப்டன் பார்க்கில் அப்படியொரு தற்காலிகத் தங்குமிடத்தில் ஆறு மாதம் இருந்தோம். ஓர் அறை, ஆறு குடும்பத்துக்கு ஒரு குசினி. நாங்கள் வெளியே வரும்போது எதிர்வீட்டுத் திரைச்சீலை அசையும். அக்காவுக்கு இது தெரியாது. நாங்கள் தனி வீட்டில் வாடகைக்கு இருப்பதாகத்தான் அவளுக்குக் கடிதம் எழுதினேன். அன்றும் இறங்கிப் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் ஒருத்தி அழுவாள், மற்றவள் அதை ஏதாவது கூட்டத்தில் உதாரணமாக எடுத்துச் சொல்வாள் என்று தோன்றியது. பார்க்கிங் என்ற சொல்லுக்குப் பின்னால் நான் எதை மறைத்தேன் என்று அன்று பிடிபட்டது. அந்த அறையின் மணம் என் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்திருக்கிறேன்.

அடுத்த நாள் என் கையெழுத்தை மீளப் பெறப் போகிறேன் என்றேன். அக்கா உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். மரியாதையான ஆங்கிலம். அயலவர்களின் கவலைகளை மதிப்பதாகவும், உரிய கண்காணிப்போடு திட்டத்தை ஆதரிப்பதாகவும் இருந்தது. மகள் அதை வாங்கி வாசித்து, முக்கால்வாசியை வெட்டி, 'நான் செய்தது பிழை. பன்னிரண்டு குடும்பங்களும் வர வேண்டும்' என்று எழுதினாள். முந்தைய நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான், அதுவும் என் கடிதத்தின் மேல் குனிந்துகொண்டு. என் கடிதத்தை எனக்காகத்தான் எழுதினார்களா என்று சந்தேகம் வந்தது.

இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு நானே இரண்டு வரி எழுதினேன். என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியோர் இடத்தில் இருந்தேன். அவர்களுக்குக் காட்டாமல் கவுன்சிலுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். இந்த முறையும் வெவ்வேறு விமானங்கள்தான். ஆனால் ஒரே டாக்சியில் போனார்கள்.

இலையுதிர் காலத்தில் முடிவு வந்தது. பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பதிலாக எட்டு. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"பாத்தியே, எட்டுக் குடும்பத்துக்கு வீடு கிடைச்சிட்டுது. நான் சொன்னது சரிதானே?"

மகளுக்கும் எடுத்தேன்.

"அப்ப மற்ற நாலு குடும்பமும் எங்கை போறது, சின்னம்மா?"

இருவரிடமும் ஓம் என்றேன். தமிழ்நாட்டுக்காரர் இப்போது என்னைக் கண்டால் கைபேசியைப் பார்த்தபடி போகிறார். என் இரண்டு வரியைக் கவுன்சிலில் யாராவது வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது.