சட்டைப் பையில் ஆண்டவர்

மலேசியாவின் கிள்ளான் நகரில் மார்வினைத் தெரியாதவர்கள் குறைவு. வீடு வீடாகப் போய் ஏர்கோன் என்கிற ஏசியைக் கழுவுவது அவன் தொழில். கூடவே ஊர்க்கதை இலவசம். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, வாய் ஓயாததால் ஒன்றரை மணி ஆகும். வீட்டுக்காரர்களுக்கும் அவனை அனுப்ப மனசு வராது. வயது ஐம்பத்திரண்டு ஆகிறது. ஒரு நாளாவது பேசாமல் இருந்து காட்டுங்கள் என்று மனைவி பிரெண்டா கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

வாரத்துக்கு முக்கால் மணி நேரம் அது நடக்கத்தான் செய்கிறது. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பாதர் ஒரு சின்னச் சிமிழில் நற்கருணையை, ஆண்டவரே இருப்பதாக அவர்கள் நம்பும் அப்பத்தை, வைத்துக் கொடுப்பார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது மார்வினின் பொறுப்பு.

"வழியில எங்கயும் நிக்காத மார்வின். நேரா போ. பாக்கெட்ல யார் இருக்காருன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்று முதல் நாளே பாதர் சொல்லியிருந்தார்.

அந்தச் சிமிழ் சட்டைப் பைக்குள் போனதும் மார்வினின் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். ஆனால் உள்ளுக்குள் பேச்சு நிற்காது. அதோ அந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் ஆண்டவரே, இந்த வீட்டு ஏர்கோன் போன வாரம் நான் கழுவியது, அந்த மாடியில் இருக்கும் அண்ணனுக்கு வேலை போய்விட்டது, கொஞ்சம் பாருங்கள். இப்படி ஊரையே சுற்றிக் காட்டிக்கொண்டு போவான். மோட்டார் சைக்கிள் தானாகப் போவது மாதிரி இருக்கும். தினமும் பார்த்துச் சலித்த தெருவெல்லாம் அந்த முக்கால் மணி நேரம் புதிதாகக் கழுவி வைத்தது போல் தெரியும். வாழ்க்கையில் அவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. அன்று போக வேண்டியது ஒரே வீடு. பண்டமாரான் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் பெர்னடெட் ஆன்டி வீடு.

ஆன்டிக்கு எழுபத்தாறு வயது. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, முட்டிவலி, அதற்கும் மேல் பிடிவாதம். நற்கருணை வாங்கும் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடமாட்டார். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு காத்திருப்பார். நோயாளிகளுக்கு உபவாசம் தேவையில்லை என்று பாதர் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

"அவர் வர்ற வாயில மைலோ ஊத்தறதா? நல்லா இருக்கே" என்பார் ஆன்டி.

அதனால்தான் மார்வின் ஒன்பதரைக்கு ஒரு நிமிடம் பிந்தமாட்டான். அவன் பிந்தினால் ஆன்டியின் வயிறு காயும், தலை சுற்றும்.

மழைக்குள் ஊர் பாதி மறைந்து கிடந்தது. சாலை விளக்குகள் இன்னும் அணையவில்லை. தண்ணீரில் அவற்றின் மஞ்சள் வெளிச்சம் மிதந்துகொண்டே கூட வந்தது. மழைக்கோட்டுக்குள், நெஞ்சின்மேல், சிமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. நனையாதீங்க ஆண்டவரே, இதோ வந்துட்டோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பாலத்தைத் தாண்டி, சாலை தாழும் இடத்தில் முட்டி அளவுக்குத் தண்ணீர். நடுவில் ஒரு வேன் நின்றுபோயிருந்தது. பின்னால் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன்னந்தனியாக அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கார்கள் ஹார்ன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின.

"அண்ணே, ஒரு கை குடுங்கண்ணே. பேர் வைக்கிற வீட்டுக்குச் சாப்பாடு, உள்ள இருக்கு."

மார்வின் வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் குறைந்த ஓரமாக மோட்டாரை ஓட்டி வேனைக் கடந்தான். மணி ஒன்பது இருபது. அங்கே ஒரு கிழவி பசியோடு காத்திருக்கிறாள். நிற்காதே என்று பாதர் சொல்லியிருக்கிறார். இரண்டும் நியாயம்தான்.

மேட்டில் ஏறியதும் ஆண்டவருக்கு எதையாவது காட்டலாம் என்று பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. சிமிழைச் சுமக்கத் தொடங்கிய இந்த ஐந்து வருடத்தில் அவன் மனசு அப்படி மௌனமானதே இல்லை. இவரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று பயமாக இருந்தது. மோட்டாரைத் திருப்பினான்.

"நீங்க உள்ள உக்காந்து ஸ்டேரிங்கப் புடிங்கக்கா. நியூட்ரல்ல போடுங்க லா."

அதற்கு மேல் பேசவில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையாலும் தோளாலும் தள்ளினான். வேன் நகர்ந்தது, மறுபடி வழுக்கி வந்தது. மேட்டில் ஏற்றி, வயரைத் துடைத்துக் கிளப்பி விடுவதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. வீரம்மா என்று பெயர் சொன்ன அந்தப் பெண், அவன் வேண்டாம் என்று கையசைத்தும் விடாமல், சூடான கேசரிப் பொட்டலம் ஒன்றை மோட்டார்க் கூடையில் வைத்துவிட்டுப் போனாள்.

பெர்னடெட் ஆன்டி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேசையில் வெள்ளைத் துணி, பாதி உருகிய மெழுகுவர்த்தி. நாற்காலியில் ஆன்டி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை, கையில் நடுக்கம். மார்வின் கையிலிருந்த பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"ஆன்டி, மொதல்ல ஏதாச்சும் சாப்பிடுங்க. கேசரி இருக்கு."

"மொதல்ல அவர்" என்றார் ஆன்டி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வாதாட நேரமில்லை. ஒரே ஒரு செபம். "கிறிஸ்துவின் உடல்." "ஆமென்." அடுத்த நிமிடமே பொட்டலத்தைப் பிரித்துக் கேசரியை ஊட்டினான். ஒரு வாய், இரண்டு வாய், ஐந்து வாய். டாக்டர் தடுத்த இனிப்பு, அன்றைக்கு மருந்தாகப் போனது. மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் ஏறியது.

"ஏன் லேட்டு?"

மார்வின் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர், வேன், வீரம்மா, தான் நின்றது. "நிக்கக் கூடாதுன்னு தெரியும் ஆன்டி. உங்கள இப்படிப் பாத்ததும் உயிரே போயிருச்சு."

"பாக்கெட்ல அவர வச்சிக்கிட்டா தள்ளின?"

"ஆமா ஆன்டி."

ஆன்டி உதட்டில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டு மெழுகுவர்த்தியைப் பார்த்தார். மழை விட்டிருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து தள்ளிட்டு வந்திருக்கீங்க."

மார்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த அலமாரியில பிஸ்கட் டின் இருக்கு. எடுத்து இங்க, என் கைக்கு எட்டற மாதிரி வை" என்றார் ஆன்டி. "அடுத்த வாரம் எட்டு மணிக்கே ரெண்டு சாப்பிட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வழியில யாருக்காவது நிக்க வேண்டியிருக்கும்."