மாட்டிலிருந்து மூன்றடி

பிள்ளைகளா, ரஞ்சன்குடிக் கோட்டை தெரிகிற நம் கொல்லைக்காட்டுக்குக் குட்டை வெட்டப் பொக்லைன் வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். போர்வெல்லிலிருந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் போகும் பைப் அங்கேதான் மண்ணுக்குள் எங்கேயோ இருந்தது. வெங்காயமோ காய் திரளும் நேரம். பைப் உடைந்தால் எல்லாம் கருகிப்போகும்.

பைப் புதைத்த அன்றே இடத்தைக் குறித்துவைத்திருந்தோம். உங்களில் பெரியவள் போனில் தட்டியிருந்தாள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் படம் போட்டிருந்தேன்.

பெரியவள் போனைப் பார்த்துப் படித்தாள். "பைப், மாட்டுலேருந்து மூணடி, கோட்டைப் பக்கம்."

"மாடு எங்க பாப்பா?" என்றார் டிரைவர்.

மாட்டைத்தான் விற்றுவிட்டோமே!

என் படத்தை விரித்தேன். அதிலும் நடுவில் மாடுதான். டிரைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே, கோட்டைய விட மாடு பெருசா இருக்கு?"

"கிட்ட நின்னுச்சுங்க, அதான்."

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். "மாடா இது? கட்டிலுக்குக் கொம்பு வச்ச மாதிரில்ல இருக்கு!"

வேறு வழி தெரியவில்லை. விற்ற மாட்டின் கன்று கிடாரியாக வளர்ந்து வீட்டில் நின்றது. அதை அம்மா ஓட்டிவந்தாள். "மொகம் கெழக்க... இன்னும் கொஞ்சம் பின்னால..." என்று நான் படத்தைப் பார்த்துச் சொல்ல, டிரைவர் டேப்பை விரித்துக்கொண்டு மாட்டின் பின்னாலேயே நடந்தார். அது வெங்காயத்தாளை மேயப் பார்த்ததே தவிர, நிற்கவில்லை.

"இவ ஆத்தாளாச்சும் சொன்ன எடத்துல நிப்பா," என்றாள் அம்மா.

பெரியவள் படத்தில் ஒரு கோட்டின்மேல் விரல் வைத்தாள். "அப்பா, கழுத்துலேருந்து எறங்குதே, இது என்னாது?"

கயிறு. கயிற்றின் நுனியில், மாடு கட்டும் இரும்பு முளை. பைப்புக்குப் போட்ட கோடு அந்த முளையை ஒட்டியே போயிருந்தது. முளையைக் குறிக்க வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. கண் பார்த்ததைக் கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. போனில் தட்டும்போது வேண்டும் என்று நினைப்பதைத்தானே தட்டுகிறோம்?

மாட்டை விற்றபோது முளையை யாரும் பிடுங்கவில்லை. கோரைப் புல்லுக்குள் காலால் துழாவினோம். துருப்பிடித்த தலை தட்டுப்பட்டது. பக்கத்தில் மண்வெட்டியால் மெதுவாகக் கொத்தினேன். பைப்! டிரைவர் வண்டியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு பைப்பை விட்டுத் தள்ளி வெட்டினார். வெங்காயம் பிழைத்தது.

வேலை முடிந்ததும், மறுபடி மறக்காமல் இருக்கப் புதிதாக ஒரு படம் போட்டேன். டிரைவர் தன் வண்டியையும் போடச் சொன்னார். கோட்டையைவிடப் பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன்.

பெரியவள் போனில் தட்டினாள்: "பைப், பொக்லைன்லேருந்து எட்டடி."