மடியேறி வந்த மெசின்

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த சண்முகவடிவுக்கு, கையில் ஊசி நூல் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் போட்டிருந்த ரவிக்கைகளில் பாதி அவள் கையால் தைத்தவை. ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளெல்லாம் லாபிர் நானாவின் தையல் கடையில் உட்கார்ந்து, ஆசை தீர மெசினை மிதித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஐம்பத்தாறாம் வருஷம் நானா புது மெசின் வாங்கினார். பழையதை வேறு யாருக்கும் விற்க மனம் வராமல், சகாய விலைக்கு அவளுக்கே கொடுத்துவிட்டார்.

இருவருமாக அதை பஸ் நிற்கும் இடத்துக்குத் தூக்கி வந்தார்கள். சிக்கல் அங்கேதான் காத்திருந்தது. கூரையில் பாரம் கூடிப்போய், முந்திய வாரம் ஒரு வளைவில் பஸ் சாயப் பார்த்ததாம். அதனால் இனிமேல் கூரையில் எதுவும் ஏற்றக்கூடாது, ஆளுக்கு ஒரு மூட்டைதான், அதுவும் மடியில் அடங்க வேண்டும் என்பது பஸ் முதலாளியின் உத்தரவு. கண்டக்டர் இராமையா இரக்கமுள்ளவர்தான். ஆனாலும் இரும்புக் காலும் பெரிய சக்கரமுமாக நின்ற மெசினைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். வழியில் சோதனைக்குச் செக்கர் ஏறினால் தன் வேலை போய்விடும் என்றார்.

சண்முகவடிவு கெஞ்சவில்லை. மெசினையும், ஏறுவதற்கு நின்ற சனங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணே, மூட்டை இல்லாதவங்க ஆளுக்கு ஒரு துண்டா மடியில வச்சுக்கிட்டா ஏத்துவீங்களா?”

“மடியில அடங்கினா நான் ஏன் தங்கச்சி தடுக்கப் போறேன்?”

நானா கடைக்கு ஓடி, திருப்புளியோடு திரும்பி வந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெசின் துண்டு துண்டாகக் கழன்றது. சண்முகவடிவு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். இரும்புக் கால்களை இரண்டு பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். சக்கரம் ஒரு கோயில் பூசாரிக்குப் போனது. மிதிபலகையைக் கோட்டுப் போட்ட வாத்தியார் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டார். தோல்வாரை ஒரு பெரியவர் மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெசினின் தலையைச் சீலையில் சுற்றி அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

தலவாக்கலையில் செக்கர் ஏறினார். மடிக்கு மடி இரும்பைக் கண்டு, இதெல்லாம் என்ன என்று கேட்டார். இராமையா முந்திக்கொண்டு சொன்னார்.

“ஆளுக்கு ஒன்னுதாங்க சார். எல்லாம் மடியிலதாங்க இருக்கு.”

செக்கர் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு பஸ் கலகலப்பாகிவிட்டது. இறங்குகிறவர்கள் தங்கள் துண்டை ஏறுகிறவர்களின் மடியில் வைத்து, பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூசாரி அக்கரப்பத்தனையில் இறங்கியபோது வாங்கிக்கொள்ள ஆளில்லை. கடைசிவரை சக்கரத்தைச் சுமந்தவர் இராமையாதான்.

டயகமவில் கயிறும் கம்புமாகக் காத்திருந்தான் அவள் புருஷன் மூக்கன். ஆளுக்கொரு துண்டாக இறங்கி வந்த மெசினைக் கண்டு, ஏமாந்து உடைந்த சாமானை வாங்கிவிட்டாளோ என்று அவன் முகம் வாடிப்போனது. அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் சனமே சிரித்தது.

வீட்டில் பூட்டிப் பார்த்தபோதுதான் வார் இல்லாதது தெரிந்தது. கழுத்தில் போட்ட நினைவே இல்லாமல் பெரியவர் லிந்துலையில் இறங்கிவிட்டிருந்தார். வார் இல்லாமல் மிதித்துப் பயனில்லை. ஆனால் மெசின் தலையில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் ஊசி இறங்கும். மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினான், அவள் துணியைத் தள்ளினாள். பக்கத்து வீட்டு அழகம்மாவின் ரவிக்கை அப்படித்தான் தைத்து முடிந்தது. மூக்கன் வேகமாகச் சுற்றிய இடத்தில் தையல் கொஞ்சம் கோணிப்போனது. அழகம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெரியவர் கொடுத்தனுப்பிய வாரோடு இராமையா வந்தார். சண்முகவடிவு அதை மாட்டி, காலை வைத்து மிதித்தாள். மெசின் கடகடவென்று ஓடியது. வாசலில் பெண்கள் அதற்குள் துணியோடு நின்றிருந்தார்கள்.