ஒரே புல்தரை, இரண்டு வீடு

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். நானும் அவரிடம் கற்றவள்தான். சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்தபோதுகூட, "பரவாயில்லைம்மா, சுவர் எங்கயும் ஓடிடாது, மெதுவா பின்னால எடுங்க" என்றார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்துவதைப் போன வருஷம்தான் முதன்முதலாகக் கேட்டேன். எல்லாம் ஒரு புல்தரையால் வந்தது.

அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் வைத்து அவரும் அவருடைய அக்காவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்துப் புல்தரை மட்டும் பொது. அக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையை நடத்தி ஓய்வு பெற்றவர். வார்டு வார்டாகச் சாப்பாடு நேரத்துக்குப் போயாக வேண்டும் என்றே காலம் தள்ளியவருக்குக் காத்திருப்பது என்றாலே உடம்பெல்லாம் எரியும்.

உறைபனிக் குளிர் விட்டு வெயில் எட்டிப்பார்த்த சமயம். புல்தரையில் அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. மாஸ்டர் நல்ல விதையாக வாங்கிவந்து, மண்ணைக் கீறி, தூவி, காலையும் மாலையும் பூப்போலத் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் முளைக்கவில்லை. குருவிகள் பொறுக்கிவிட்டன என்று குருவிகளைத் திட்டினார். விதை சொத்தை என்று கடைக்காரரைத் திட்டினார். மிச்சம் இருந்த விதையை ஈரத்துணியில் சுற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். அது ஜம்மென்று முளைத்து நின்றது.

"துணியில முளைக்குது, மண்ணுல முளைக்க மாட்டேங்குதே" என்று அவர் வாசலில் புலம்பிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார்.

"ஏன்டா முளைக்காது? நீ விதைக்கிறதுக்கு முன்னாடியே நான் மருந்து வேற போட்டு வச்சேனே."

"என்ன மருந்து?"

"களை முளைக்காம இருக்கப் போடுவாங்களே, குருணை. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு தரை பூரா தூவிட்டேன்."

அப்போதுதான் அந்தக் கத்தல். "அக்கா! அந்த மருந்துக்குக் களை எது, புல்லு எதுன்னு தெரியுமா? எந்த விதையையும் முளைக்க விடாது! அதைப் போட்டா மாசக்கணக்கா விதைக்கவே கூடாது!"

"நீ விதைக்கப்போறேன்னு என்கிட்ட சொன்னியா?"

"நீ மருந்து போட்டேன்னு என்கிட்ட சொன்னியா?"

எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. வெயில் தணிந்து அடுத்த குளிர் வருவதற்கு முன்னால்தான் இனி விதைப்பு, அதுவரை அக்கா தரையில் கையே வைக்கக் கூடாது என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அக்காவும் தலையை ஆட்டினார். ஆனால் மனசு கேட்கவில்லை. தன்னால் தம்பிக்கு இவ்வளவு நஷ்டமா என்ற உறுத்தல். கோடை உச்சத்தில், இருக்கிற புல்லும் வாடிக் கிடந்த ஒரு மத்தியானம், மாஸ்டர் தன்னிடம் கற்கிறவர்களை லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு மூட்டை உரத்தைக் கையால் அள்ளி அள்ளி வீசிவிட்டார். தண்ணீர்கூட விடவில்லை. சில நாளில் புல் கருகியது. அக்காவின் கை எப்படி எப்படிச் சுழன்றதோ அப்படி அப்படியே, வளைவு வளைவாக.

"பசியில வாடிக் கெடந்துச்சுடா, பாவம்" என்றார் அக்கா.

"காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கு விருந்தா வைப்பாங்க? ஆஸ்பத்திரியில இப்படித்தான் வச்சியா? எத்தனை பேரு பொழைச்சாங்க?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாஸ்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. புல் கருகிய இடமெல்லாம் களை மட்டும் கொழுகொழுவென்று நின்றது. பழைய வேரிலிருந்து வரும் களைக்குக் குருணையும் தெரியாது, கோடையும் தெரியாது. அதையாவது ஒழித்துக்கட்டுகிறேன் என்று மறுநாளே மருந்து தெளிக்கும் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. "என்னங்க, காத்து அடிக்குது, நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார் அவர் மனைவி. காதில் வாங்கினால்தானே.

மருந்து களையின் மேல் விழுந்தது பாதி. மீதி காற்றோடு போய் அக்காவின் சுவரோரம் காய்த்துக் குலுங்கிய தக்காளிச் செடிகளின் மேல் விழுந்தது. இலைகள் முறுக்கிக்கொண்டு சுருண்டன. அக்கா ஒரு கிளையை ஒடித்து எடுத்துவந்து தம்பி கையில் வைத்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் பிரேக் போடுறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்று மனைவி வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

அதன் பிறகு வாரக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. அக்கா வெளியே வந்தால் தம்பி காருக்குள் குனிந்து எதையோ தேடுவார். வாழ்க்கையில் முதல் முறையாக மாஸ்டர் காருக்குள், கற்க வந்த ஒரு பெண்ணைத் திட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டே நடுவழியில் இறங்கிப் போய்விட்டாள். அன்று மாலையே அவர் நாற்றுப்பண்ணைக்குப் போய் ஒரு தட்டுத் தக்காளி நாற்று வாங்கிவந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரியப் பத்திப் பேசினது தப்புதான்க்கா. செடிக்குப் பதிலா செடி."

அக்கா தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, குளிர் வரப்போற நேரத்துல எவனாச்சும் தக்காளி நடுவானா? காய்க்கிறதுக்குள்ள செத்துப்போயிடும்டா! உனக்கு அறிவிருக்கா?"

இப்போது தலையில் அடித்துக்கொண்டவர் அக்கா. அடித்துக்கொண்டவருக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டருக்கும்தான்.

வெயில் தணிந்ததும் இரண்டு பேருமாகவே விதைத்தார்கள். அக்கா விடிந்ததும் விடியாததுமாக வந்து குனிந்து குனிந்து பார்ப்பார். "இன்னும் வரலியேடா." "வரும்க்கா." "எப்ப வரும்?" "விதையத்தான் கேக்கணும், என் உயிரை ஏன் எடுக்கிற?"

வந்தது. குழந்தையின் தலைமுடி மாதிரி மெல்லிசாக, கூடவே களையும். அக்காவின் கை களை மருந்துத் தெளிப்பான் பக்கம் போனதைப் பார்த்து மாஸ்டர் ஓடிவந்தார்.

"தொடாதே! புதுப் புல்லை நாலு தடவையாவது வெட்டினதுக்கு அப்புறம்தான் அந்த மருந்து. இப்போ பட்டா புல்லும் சேர்ந்து போயிடும்."

"அதுவரைக்கும் களையைக் கொஞ்சிக்கிட்டு இருக்கணுமா?"

"கையால பிடுங்கு."

ஆளுக்கொரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து பிடுங்கினார்கள். முட்டி வலிக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் முனகியது எங்கள் வீடு வரை கேட்டது.

முதல் வெட்டுக்கு மெஷினை நான்தான் பிடிப்பேன் என்று அக்கா அடம்பிடித்தார். நுனியை மட்டும் எடு, ஒட்ட வெட்டாதே என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். சரி சரி என்று சொல்லிவிட்டு அக்கா கொஞ்சம் ஒட்டவே வெட்டிவிட்டார். மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.